நெல்லுக்குக் கணக்குண்டு, கத்தரிக்கு?

வடகிழக்குப் பருவமழை நாகை மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட மறுநாள் நாளிதழ்களில் வரும் செய்தி ஆண்டுதோறும் ஒன்றே. இத்தனை ஆயிரம் ஏக்கர் சம்பா நெற்பயிர் நீரில் மூழ்கியது, அமைச்சர் பார்வையிட்டார், கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். அந்தச் செய்தியில் கத்தரி இல்லை. வெண்டையும் மிளகாயும் பாகற்பந்தலும் கீரைப் பாத்தியும் இல்லை. செய்தியாளரை நாம் குறைகூறவில்லை. அவருக்குக் கணக்குக் கொடுத்த அலுவலகத்திலேயே அந்தக் கணக்குக் கிடையாது.

காவிரிக் கடைமடையில் காலநிலை மாறிவருகிறது என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. மறுத்தவர்களும் வாயடைத்துவிட்டார்கள். 2024ஆம் ஆண்டில் பூமியின் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதலாக இருந்தது என உலக வானிலை அமைப்பு அறிவித்தது. நாம் சொல்ல வந்தது வேறு. அந்த மாற்றத்தின் முதல் அடி விழுவது காய்கறிப் பயிரின் மீது. அடியை வாங்குபவரின் பெயரோ அரசின் எந்த ஏட்டிலும் இல்லை. இதைக் கேட்டால் இப்போது ஒரு புதிய விடை ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள்: “உலகமே வெப்பமாகிறது, நாங்கள் என்ன செய்ய?” முன்பு விதியின் மேல் பழி போட்டார்கள்; இப்போது வானத்தின் மேல் போடுகிறார்கள். அவ்வளவே வேறுபாடு.

நெல் ஒரு வகையில் நீர்ப்பயிர். வேர் நீரில் நின்றாலும் மூச்சுவிடும் உள்ளமைப்பு அதற்கு உண்டு. போதாக்குறைக்கு, இரு வாரம் மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர்.1009 சப்-1 போன்ற இரகங்களையும் அறிவியலாளர்கள் உருவாக்கித் தந்திருக்கிறார்கள். மிளகாய்ச் செடிக்கோ தக்காளிக்கோ இந்த வாய்ப்பில்லை. இரண்டு நாள் வேரடியில் தண்ணீர் நின்றால் இலை தொங்கிவிடும். மூன்றாம் நாள் வெயிலடித்தால் செடி நின்ற நிலையிலேயே வாடிச் சாகும். நெல்வயலில் நீர் வடிந்ததும் யூரியா தூவிப் பயிரைத் தேற்றலாம். அழுகிய மிளகாய் வேரைத் தேற்ற மருந்தில்லை.

உப்பிலும் இதே கதைதான். எந்தப் பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று மாஸ், ஹாஃப்மன் என்னும் இரு அமெரிக்க அறிவியலாளர்கள் 1977இல் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். வேளாண் மாணவர் எவரும் அறிந்தது அது. மண்ணின் உப்பை மின்கடத்து அலகால் அளக்கும்போது, நெல் 3 அலகு வரை விளைச்சல் குறையாமல் நிற்கும். மிளகாயினம் 1.5இலும், வெங்காயம் 1.2இலும், பீன்ஸ் 1இலும் குறையத் தொடங்கிவிடும். அந்த எல்லையைத் தாண்டி ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் நெல் 12 விழுக்காடு இழக்க, வெங்காயம் 16 விழுக்காடு இழக்கும். ஒரு நிலத்தில் உப்பு ஏறுகிறது என்று நெல் நமக்குச் சொல்வதற்கு வெகு காலம் முன்பே அவரையும் வெங்காயமும் சொல்லிவிடுகின்றன. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

நாகை மாவட்டத்தின் தென்கோடியில், வேதாரணியம் வட்டத்து மணற்பாங்கான கொல்லைகளில், மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த சாகுபடியை நேரில் கண்டவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். மணலில் ஆழமில்லாத குட்டை வெட்டுவார்கள். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். அந்த நன்னீரைக் குடத்தில் மொண்டு செடிக்குச் செடி ஊற்றுவார்கள். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கணக்கு உண்டு: கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி இறைத்துவிட்டால் அடியிலிருந்து உப்பு நாற்பதடி மேலேறி வரும். குடத்தால் மொண்டவர்கள் இந்தக் கணக்கைப் படித்தவர்கள் அல்லர், ஆனால் மீறியதில்லை. ஆழ்துளைக் கிணறும் மின்மோட்டாரும் வந்த பிறகு மீறப்பட்டது. மீறியவர்களில் பலர் காய்கறி பயிரிட்டவர்களும் அல்லர்.

வெப்பம் என்ன செய்கிறது? தக்காளிப் பூ பிஞ்சாக வேண்டுமானால் இரவு குளிர வேண்டும். பகல் 32, 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் மலடாகி, பூ காம்போடு உதிர்ந்துவிடும். கடலோரத்தில் சித்திரை வைகாசி இரவுகள் என்றுமே குளிர்ந்ததில்லை. எனவேதான் நம் முன்னோர் மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களின் குளிரை நம்பித் தக்காளியும் அவரையும் பயிரிட்டார்கள். அந்தக் குறுகிய சன்னலைத்தான் இப்போது இருபுறமும் அடைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருபுறம் இரவின் வெம்மை. மறுபுறம் பட்டம் தவறிய மழை. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்தது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பெய்தது. 2024 ஜனவரியின் முதற் பத்து நாட்களுக்குள் மீண்டும் பெய்தது. மூன்று முறையும் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தது என்று நாடு அறிந்தது. அதே நாட்களில் தைப்பட்டத்து நாற்றங்கால் கரைந்துபோனதை யார் அறிந்தார்?

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்னும் முதுமொழியை இன்னமும் வேளாண்மை விழாக்களில் மேடையேறிச் சொல்கிறார்கள். ஆடியில் விதைக்க வாய்க்காலில் நீர் வேண்டுமே! மேட்டூர் அணை 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஒருமுறைகூட ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. 2024இல் ஜூலை 28ஆம் நாள்தான் திறந்தார்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழையே பொய்த்துப்போய், 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்க நேர்ந்தது. வாய்க்கால் வறண்டால் நிலத்தடிக்கு நன்னீர் இறங்காது, மோட்டார் மட்டும் நிற்காது, உப்பு ஏறும். ஆக, ஒரே மண்ணில் ஓராண்டு வறட்சியால் உப்பு, அடுத்த ஆண்டு வெள்ளத்தால் அழுகல். சீர்காழியில் 2022 நவம்பரில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நினைத்துப் பாருங்கள். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது ஏந்தக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும் என்பது இயற்பியல். பல நாளில் பெய்ய வேண்டியதை ஒரே நாளில் கொட்டுவது அதன் விளைவு.

இவ்வளவும் வானம் செய்தது. இனி மனிதர் செய்ததைச் சொல்வோம்.

1990களில் நாகை மாவட்டக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் முளைத்தன. விளைநிலத்தை வெட்டிக் கடல்நீரை நிரப்பினார்கள். சுற்றுவட்டக் கிணறுகள் கரித்தன. கிராம சுயராச்சிய இயக்கத்தின் எஸ். ஜெகந்நாதன் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் பெண்களைத் திரட்டிக் களத்தில் நின்றார். 1996 டிசம்பர் 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் அத்தகைய பண்ணைகள் கூடா; விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது; பாதிப்புற்றோருக்கு இழப்பீடு தரவேண்டும். தீர்ப்பு இவ்வளவு தெளிவாக இருந்தது. அதற்குப் பின் நாடாளுமன்றம் என்ன செய்தது? 2005இல் கடல்சார் நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, பண்ணைகளுக்குப் பதிவுச் சீட்டு வழங்கும் வழியைத் திறந்தது. 2023இல் அதையும் மேலும் தளர்த்தித் திருத்தியது. அந்தக் கிணறுகளில் ஏறிய உப்புக்கு எந்தக் கார்பன் வாயுவும் பொறுப்பல்ல. இன்று ஓர் அலுவலர் கிணற்று நீரைப் பார்த்துவிட்டுப் “பருவநிலை மாற்றம்” என்று எழுதிச் சென்றால், அவர் பாதி உண்மையை எழுதி மீதிப் பாதியை மறைக்கிறார்.

2020 பிப்ரவரியில் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தபோது மகிழ்ந்தவர்களில் நாமும் உண்டு. புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை என்பது சிறிய செய்தியன்று. ஆனால் அதே மண்டலத்துக்குள், நாகூருக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள பனங்குடியில், பழைய சுத்திகரிப்பு ஆலையின் இடத்தில் ஆண்டுக்கு 90 இலட்சம் டன் கச்சா எண்ணெயைக் காய்ச்சும் ஆலைக்கு நிலம் எடுத்தார்கள். வெப்பத்தை உண்டாக்கும் பொருளைக் காய்ச்சுவதற்கு வேளாண் மண்டலத்தில் இடமுண்டு. அந்த வெப்பத்தால் கருகும் கத்தரிக்கு அதே மண்டலத்தின் கணக்கேட்டில் இடமில்லை. என்னே பாதுகாப்பு!

இழப்பீட்டுக்கு வருவோம். இயற்கைப் பேரிடர் நிவாரண நிதியின் விதிப்படி, 33 விழுக்காட்டுக்கு மேல் பயிர் அழிந்தால்தான் உதவி. 2022 முதல் நடைமுறைக்கு வந்த விகிதம், பாசன நிலத்துக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய். மாநில அரசு சில ஆண்டுகளில் 20,000 ஆக உயர்த்தித் தந்ததும் உண்டு. எக்டேர் என்பது 247 சென்ட். ஆக, 17,000 என்பது சென்ட்டுக்கு 69 ரூபாய்கூட வரவில்லை. நம் பக்கத்துக் கணக்கில் ஒரு மா நிலத்துக்குச் சுமார் 2,270 ரூபாய். நெல்லுக்கும் இதே விகிதம்தானே, பாகுபாடு எங்கே என்று கேட்பார்கள். நெல்லுக்கு உழவும் நடவும் உரமும்தான் செலவு. பாகலுக்கும் புடலுக்கும் மூங்கிலும் கம்பியும் வாங்கிப் பந்தல் போட வேண்டும். கத்தரிக்கு மாதக்கணக்கில் நாள்தோறும் ஆள் நின்று நீர் ஊற்ற வேண்டும். சமமில்லாதவற்றைச் சமமாக எடைபோடும் தராசு நேர்மையானதன்று. கஜா புயலின்போது விழுந்த தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் அறிவித்தார்கள். அது போதாது என்பது வேறு வாதம், மரத்தையாவது எண்ணினார்கள். பந்தற்கால்களை எண்ணியவர் யார்?

எவ்வளவு சிறிய பாசன நிலமாயினும் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்றும் அந்த விதியில் ஒரு வரி உண்டு. நல்ல வரிதான். ஆனால் அதைப் பெற அடங்கலில் பெயரும் பயிரும் ஏறியிருக்க வேண்டும். இங்கேதான் முடிச்சு இருக்கிறது. கடைமடையில் காய்கறி பயிரிடுவோரில் மிகப் பலர் நிலச்சொந்தக்காரர் அல்லர். கோயில் நிலம், மடத்து நிலம், வக்ஃபு நிலம், வெளிநாட்டில் இருப்பவர் விட்டுச்சென்ற கொல்லை, ஆற்றுப்படுகைப் புறம்போக்கு ஆகியவற்றில் வாய்மொழிக் குத்தகைக்கு உழைப்பவர்கள். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்ட வேலையைச் செய்பவர்கள் பெண்கள். விடியலுக்கு முன் கீரை பறித்துத் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுவரும் அந்தப் பெண்ணிடம் பட்டா கேட்பதும், சிட்டா கேட்பதும், நிலச்சொந்தக்காரரின் ஒப்புதல் கேட்பதும் இல்லை என்பதை நாகரிகமாகச் சொல்லும் முறைகளே.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு உழவர் கட்டவேண்டியது காப்புத்தொகையில் ஒன்றரை விழுக்காடு. தோட்டப்பயிருக்கு ஐந்து விழுக்காடு. அறிவிக்கை செய்யப்பட்ட பயிருக்கு, அறிவிக்கை செய்யப்பட்ட வட்டாரத்தில் மட்டுமே காப்பு. அரை மா நிலத்தில் ஒரு வரிசை வெண்டை, ஒரு வரிசை கொத்தவரை, வரப்போரம் பூசணி, இடையிடையே தண்டுக்கீரை என்று கலந்து வைத்திருப்பவள் எந்தப் பயிருக்குப் பணம் கட்டுவாள்? ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்கும் என்று அவள் செய்துவைத்த கலப்புச் சாகுபடிதான் உண்மையான காப்பீடு. அந்த அறிவே அவளை அரசின் காப்பீட்டுக்கு வெளியே தள்ளுகிறது!

நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் டெல்லியிலிருந்து குழு வருகிறது, களத்தில் நெல்லை அள்ளிப் பார்க்கிறது, விலக்கு வழங்கப்படுகிறது. வரட்டும், வரவேண்டும். நெல் உழவர் நம் பகைவர் அல்லர். அவர்களுடைய குறைகளே இன்னும் தீர்ந்தபாடில்லை. குறைந்தபட்ச ஆதரவு விலை நெல்லுக்கு உண்டு, காய்கறி எதற்கும் இல்லை என்பதைத்தான் சுட்டுகிறோம். முடியாத செயலா அது? அண்டையிலுள்ள கேரளம் 2020 நவம்பர் முதல் நாளிலிருந்து 16 வகைக் காய்கனிகளுக்கு அடிப்படை விலை நிர்ணயித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 விழுக்காடு என்பது அதன் அளவுகோல். காய்கறிக்குப் பெரிதும் தமிழகத்தை எதிர்பார்க்கும் மாநிலம் அதைச் செய்தது. அனுப்பிவைக்கும் மாநிலம் இன்னமும் யோசிக்கிறது.

“டெல்டா நெல் விளையும் பூமி, காய்கறி ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும், கவலை எதற்கு?” என்று கேட்கும் அறிஞர்களும் உண்டு. வரும், ஐயமில்லை. லாரி வாடகையோடு வரும். பல கைகள் மாறி வரும். இந்திய ரிசர்வ் வங்கியின் 2024ஆம் ஆண்டு ஆய்வொன்றின்படி, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விளைவித்தவருக்குச் சேர்வது 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. மேலும் ஒட்டன்சத்திரத்துக்கு மட்டும் தனி வானமா இருக்கிறது? 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறியபோது சென்னை நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க நேர்ந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? நாளொன்றுக்குக் காயும் கனியுமாக ஒருவர் 400 கிராமாவது உண்ணவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விலையேறிய வாரங்களில் கூலிக்காரர் வீட்டுத் தட்டில் எத்தனை கிராம் விழுகிறது? ரேஷன் அரிசியால் வயிறு நிரம்பும். குழந்தையின் சோகை தீராது.

மற்றொரு கூட்டத்தார் பசுமைக்குடில் என்கிறார்கள். நெகிழித்தாள் கூரைக்குள் தக்காளி வளர்க்க மானியம் தருவார்களாம். 2018 நவம்பர் 16ஆம் நாள் கரையேறிய கஜா, நாற்பதாண்டுத் தென்னையை வேரோடு சாய்த்த ஊர் வேதாரணியம். அங்கே நெகிழித்தாளைக் கட்டி நிறுத்தச் சொல்பவர், ஒருமுறை ஐப்பசியில் கடற்கரைக்கு வந்து நின்று பார்க்கட்டும்.

என்ன செய்யலாம் என்பது தெரியாத பொருள் அன்று. 2004 ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோய், வயல்களில் உப்புச் சேற்றை நிரப்பியது. இந்த மண் இனி விளையாது என்று எழுதினார்கள். நம்மாழ்வார் போன்றோரும் உள்ளூர் உழவர்களும் சேற்றை அகற்றி, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். பெருமழையும் துணை செய்தது. ஓரிரு ஆண்டுகளில் மண் திரும்பியது. மண் பிடிவாதக்காரி அல்லள். ஆற்று முகத்துவாரங்களில் கடல்நீர் ஏறாதபடி கடைமடை இயக்கு அணைகளைச் சீராக்க, வெண்ணாற்று உபவடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் 10 கோடி டாலர் கடனில் 2016இல் திட்டம் ஒன்று ஒப்புதல் பெற்றது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு எல்லாம் அதில் அடங்கும். பெயரிலேயே காலநிலைத் தகவமைப்பு என்று இருக்கிறது. வேதாரணியம் கொல்லையில் உப்புக்கு மேல் மிதக்கும் நன்னீர்க் குட்டையை ஆழப்படுத்தாமல் அகலப்படுத்தித் தர, அத்தகைய திட்டத்தில் ஒரு சிறு பங்கு போதும்.

நம்மவர்க்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். நாகூரிலும் தோப்புத்துறையிலும் நம் வீட்டுக் கொல்லைகளில் முருங்கையும் அவரைப் பந்தலும் வாழையும் இருந்த காலம் உண்டு. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பணம் வந்தது. கொல்லையில் காங்கிரீட் தளம் வந்தது. தளத்துக்கு நடுவே ஆழ்துளைக் கிணறு வந்தது. மழைநீர் இறங்க இடமில்லை. இறைப்பதற்கு மட்டும் இடமுண்டு. பிறகு வாசலில் காய்கறி விற்கும் பெண்ணிடம் கிலோவுக்கு இரண்டு ரூபாய் பேரம் பேசுகிறோம். வக்ஃபு நிலங்களை நிருவகிப்போர் தத்தம் நிலத்தில் காய்கறி பயிரிடும் குத்தகைதாரர்க்கு எழுத்து மூலம் ஒரு சீட்டுக் கொடுப்பதில் என்ன தடை? குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. கோயில் நிருவாகத்தைக் கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், முதலில் நம் பள்ளிவாசல் நிலத்தின் ஏட்டைத் திறந்து காட்டியிருக்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் உழவர் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. முன்வரிசையில் நெல் உழவர் சங்கங்கள் அமர்கின்றன. நீர் திறப்பு, கொள்முதல் நிலையம், சாக்குப் பற்றாக்குறை என்று பேச்சு போகிறது. அடுத்த கூட்டத்தில் நாம் கேட்கச் சொல்வது இவைதாம்: கிராம அடங்கலில் அரை மா காய்கறியையும், பட்டா எவர் பெயரில் இருப்பினும் பயிரிடுபவர் பெயரோடு பதிவு செய்யுங்கள். நிவாரண விகிதத்தில் பந்தல் காய்கறிக்கு அதன் செலவுக்கேற்பத் தனி விகிதம் கேட்டு அரசுக்கு எழுதுங்கள். கலப்புச் சாகுபடியை ஒரே பயிராகக் கொண்டு காப்பீடு செய்ய வழி காணுங்கள். வேதாரணியம், கீழையூர், தலைஞாயிறு வட்டாரங்களில் கோடைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் கிணற்று நீரின் உப்பை அளந்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவையுங்கள். எது வானத்தால் ஏறியது, எது பண்ணையால் ஏறியது என்பதை ஊரே பார்க்கட்டும். இவற்றுக்கு டெல்லியிலிருந்து குழு வரவேண்டியதில்லை. முதலாவதற்கு ஒரு கிராம நிர்வாக அலுவலரும் ஒரு பேனாவும் போதும்.